மிச்சம் வைத்த ஒரு மடக்கு

வெள்ளூரணிப்பட்டியில் தெருவுக்கு வாரம் ஒரு நாள் என்று முறை வைத்துக் குடிதண்ணீர் விட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஆசிரியர் காலனி இரண்டாவது தெரு ஏழாம் எண் வீட்டு வெள்ளைக் கார், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது. கார் என்றால் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றத்தானே வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். அது நாலு லிட்டர், மிஞ்சினால் ஐந்து லிட்டர் சமாசாரம். இது அன்று மத்தியானத்துக்குள் இருபத்தேழு குடம் குடித்தது, வயிறு உப்பவில்லை, அடியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, மேற்கொண்டு ஊற்றச் சொல்லி வாயைத் திறந்துகொண்டு நின்றது. காலனி நலச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் குடங்களை எண்ணியவன் நான்.

காரின் சொந்தக்காரர் கோமதிநாயகம், அரசாங்க வேலையில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பெற்ற பிறகு கண்காணிக்க வேறு ஆள் கிடைக்காததால் எங்களைக் கண்காணித்துவந்தவர். ஞாயிறு விடிந்ததும் பனியனும் கைலியுமாக வாசலுக்கு வந்து, பானெட்டைத் தூக்கி நிறுத்தி, பழைய வேட்டியில் கிழித்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வெள்ளைக் காருக்கு அவர் செய்யும் உபசாரம் கோயிலில் சாமிக்குக்கூட நடக்காது. ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி சொருகி, மறுபடி உருவி, வெயிலுக்கு நேரே பிடித்து, இரண்டு கோட்டுக்கு நடுவே எண்ணெய் நிற்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு பிரேக் ஆயில், பிறகு ஸ்டீயரிங் ஆயில், பிறகு பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர், பிறகு கண்ணாடி கழுவுகிற வைப்பர் பாட்டில், கடைசியில் ரேடியேட்டர். தெருவில் இருந்த மற்ற பத்துக் கார்க்காரர்களும் அவரிடம் கற்றுக்கொண்டவர்கள்தான், நானும் அதில் ஒருவன்.

அவர் எங்களுக்கு மூன்று சட்டம் வைத்திருந்தார். சமதரையில் நிறுத்தி, வண்டி ஆறிய பிறகுதான் எதையும் பார்க்க வேண்டும். சூடாக இருக்கும்போது உயிரே போனாலும் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கூடாது, குறைந்தது இருபது நிமிஷம் காத்திருக்க வேண்டும். மூன்றாவது, டிக்கியில் எப்போதும் ஐந்து லிட்டர் கேன் ஒன்று இருக்க வேண்டும், அதை ஒருபோதும் முழுக்கக் காலி செய்துவிடக் கூடாது, அடியில் ஒரு மடக்காவது மிச்சம் வைக்க வேண்டும். "தேவை எப்ப வரும்னு யாருக்குய்யா தெரியும்?" என்பார். நாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு, அவரவர் கேனில் ஒரு மடக்கு மிச்சம் வைத்தோம்.

அன்று காலை தெருமுனையில் சண்முகக்கனி நின்றிருந்தாள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிட வந்திருந்தாள், அந்த வேலையில் அவளுக்கு அது முதல் ஞாயிறு. பத்தொன்பது வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர் அவள் புருஷன் உலகநாதன். ஆள் உயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து, வால்வுக் குழிக்குள் விட்டுத் திருகி, திறந்ததும் குழாயில் மூன்று தட்டுத் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டால் தெருவே குடத்தோடு வாசலுக்கு வந்துவிடும். சித்திரை மாதம் ஒரு நண்பகலில், மேல்நிலைத் தொட்டியைப் பார்த்துவிட்டு பைபாஸ் ரோட்டோரமாகச் சைக்கிளில் வந்துகொண்டிருந்தவரை ஏதோ ஒரு வண்டி தூக்கி ஓடைக்குள் போட்டுவிட்டுப் போய்விட்டது. மூன்று மணிக்கு ஆடு மேய்க்கிறவர் பார்த்துச் சொல்லி, ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போனபோது உயிர் இருந்தது. சண்முகக்கனி ஓடிவந்து முகத்துக்கு நேரே குனிந்ததும், "வண்டிக்கு ஊத்திட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குப் பிறகு பேசவில்லை.

அவர் வலது கையைப் பிரித்தபோது அதற்குள் ஒரு தண்ணீர்க் கேனின் நீல மூடி இருந்தது. மூடியின் உட்பக்கம் அவர் உதட்டு மண் ஒட்டியிருந்தது. போலீஸ் ஸ்டேஷனில் அதைக் காட்டியபோது, "இந்த ஊர்ல நீல மூடி இல்லாத கேன் எதும்மா?" என்று கேட்டு, அடையாளம் தெரியாத வாகனம் என்று எழுதி மூடிவிட்டார்கள். ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்ட மனுஷன் நாக்கு வறண்டு செத்துப்போனார். நாங்கள் மாலை வாங்கிக்கொண்டு போனோம், வெயில் அதிகமாக இருந்ததால் சுடுகாடு வரைக்கும் போகவில்லை.

அந்த முதல் ஞாயிறு, வால்வைத் திறந்து மூன்று தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்த சண்முகக்கனி, கோமதிநாயகம் டிக்கியிலிருந்து கேனை எடுத்து வருவதைப் பார்த்திருக்கிறாள். எண்ணெய்த் துணியைக்கூட நாலாக மடித்து வைக்கிற மனுஷனின் கேனுக்கு மூடி இல்லை. வாயில் பாலிதீன் தாளைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தார். அவர் ரப்பர் பேண்டை உருவினார், கேனைச் சாய்த்தார், காருக்குத் தண்ணீர் ஊற்றினார். அந்த நிமிஷத்தில்தான் தன் புருஷன் சொன்ன வார்த்தையின் அர்த்தம் தனக்கு விளங்கியது என்று சண்முகக்கனி பிற்பாடு என்னிடம் சொன்னாள். அந்த நிமிஷத்திலிருந்துதான் கார் நிறையவில்லை.

"என்ன அண்ணாச்சி, இன்னுமா நிறையலை?" என்று ஏழாவது குடத்தில் கேட்டேன்.

"ஏர் லாக் ஆயிருக்கும்யா, ஊத்து" என்றார்.

மறுநாள் மெக்கானிக் அந்தோணிமுத்து வந்து, காருக்கு அடியில் படுத்து, கையால் தடவி, மோந்து, வெளியே வந்து முதுகைத் தட்டிக்கொண்டார். "வண்டில ஒரு குறையும் இல்ல. அதுக்குத் தாகம் அண்ணாச்சி, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். கோமதிநாயகம் கோபத்தோடு பானெட்டை அடித்துச் சாத்தி, காருக்குத் தார்ப்பாய் போட்டு மூடினார். அடுத்த நாள் காலையில் தெருவில் இருந்த எல்லா வீட்டுக் குடத்திலும் ஒரு சாண் தண்ணீர் குறைந்திருந்தது, மூன்று வீட்டுத் தொட்டியில் பாசிதான் மிச்சம். அவர் ஊற்றாவிட்டால் அது எங்களிடம் வந்து குடித்துக்கொள்ளும் என்று எங்களுக்குத் தெரிந்துபோனது.

ஒரு வாரம் போனால் எதுவும் பழகிவிடும். எங்கள் பெண்கள் கூலன்ட் டப்பாவில் இருப்பது மாதிரியே நகப்பூச்சால் ஒவ்வொரு குடத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கோடு போட்டார்கள். காலையில் எழுந்ததும் கோலம் போடுவதற்கு முன்னால் கோட்டைப் பார்த்தார்கள், குறைந்திருந்தால் ஏழாம் நம்பர் வீட்டைப் பார்த்து, "ஊத்துங்க அண்ணாச்சி, தூங்காதீக!" என்று குரல் கொடுத்தார்கள். வெளியூர் லாரி டிரைவர்கள் கேள்விப்பட்டு வந்து, தங்கள் வண்டி வழியில் சூடாகாமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, அந்தக் காருக்குச் செவ்வந்தி மாலை போட்டு ஆளுக்கு ஒரு பாட்டில் ஊற்றிவிட்டுப் போனார்கள். சங்கத்தில் கூட்டம் போட்டு, காரைத் தெருவின் பதினெட்டாவது குடும்பமாகக் கருதி முறை ஒதுக்குவது என்று தீர்மானம் எழுதினோம். ஏன் குடிக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் வந்துவிடுமே.

கோமதிநாயகம் இளைத்துப்போனார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை குடம் குடமாக ஊற்றினார், தோள் எலும்பு பனியனுக்கு மேலே துருத்திக்கொண்டது, உள்ளங்கைத் தோல் உரிந்தது. சண்முகக்கனி ஞாயிறு தவறாமல் வந்தாள். எங்கள் தெருப் பெண்கள் அவளிடம் போய், "ஏ கனி, ஒரு கால் மணி நேரம் கூட விடு தாயி" என்று கெஞ்சினார்கள். அவள் மறுப்பாள் என்று நான் நினைத்தேன், என்னிடம் அந்தச் சாவி இருந்திருந்தால் நான் மறுத்திருப்பேன். அவளோ அரை மணி நேரம் கூட விட்டாள். அதிகாரி கேட்டால் தான் பேசிக்கொள்வதாகச் சொன்னாள். வால்வுக் குழியின் சிமெண்ட் மூடியில் உட்கார்ந்து, அவர் குனிந்து குனிந்து ஊற்றுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனியில் கோமதிநாயகம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தார். ஐந்து மண்பானை, வெட்டிவேர், ஐந்து சொம்பு, மேலே ஒரு துணியில் 'அமரர் உலகநாதன் நினைவாக' என்று எழுதியிருந்தது. திறந்துவைத்துக் கும்பிட்ட கையை அவர் இறக்குவதற்குள் ஐந்து பானையும் உள்ளே வறண்டு வெடித்தன. கூட்டத்துக்குள்ளிருந்து சண்முகக்கனி கேட்டாள்.

"என் வீட்டுக்காரர் பேர்ல பந்தல் வச்சிருக்கீகளே சார், என்ன உறவுல வச்சீக?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். அன்று சாயங்காலம் அவர் மனைவி செண்பகவல்லி எங்கள் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் உட்காராமல், சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தம்பி, அந்த வால்வுக்காரம்மா கையால ஒரு சொம்புத் தண்ணி ஊத்தச் சொல்லுங்க. அவ கைபட்டா அடங்கிரும்னு தோணுது." ஏன் அவள் கை என்று நான் கேட்டிருக்க வேண்டும். சித்திரையிலேயே அந்தக் காரின் முன்பக்கத்தில் ஒரு நசுங்கலைப் பார்த்தவன் நான், மாடு முட்டியது என்று அவர் சொன்னதை நம்பிக்கொண்டவனும் நான். "சொல்லிப் பார்க்கேன் மதினி" என்று மட்டும் சொன்னேன்.

சண்முகக்கனி வருவதற்கு ஒப்புக்கொண்டாள். அடுத்த ஞாயிறு காலை, தெரு மொத்தமும் ஏழாம் நம்பர் வாசலில் கூடியிருக்க, ஒரு பித்தளைச் சொம்பு நிறையத் தண்ணீரோடு வந்தாள். திறந்த பானெட்டுக்குள் குனிந்து ரேடியேட்டரின் வாயைப் பார்த்தாள். அதற்குள்ளிருந்து, காய்ந்த நாக்கு அண்ணத்தில் ஒட்டிப் பிரிகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் முகம் ஒரு நொடி கலைந்து, மறுபடி கெட்டியானது.

"ஊத்துதேன். அதுக்கு முன்னாடி அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு இவுக எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க சார்."

கோமதிநாயகம் மனைவியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தோளில் கிடந்த எண்ணெய்த் துணியை எடுத்துக் கையில் முறுக்கினார். பிறகு சொன்னார். இவ்வளவு நாள் தொண்டையில் வைத்திருந்ததாலோ என்னவோ, வகுப்பு எடுப்பது மாதிரி ஒழுங்காகச் சொன்னார்.

"ஹோஸ்ல கீறல். சூடு முள்ளு சிவப்புக்குப் போயிருச்சு. நான் முள்ளைப் பார்த்துக்கிட்டே ஓட்டினேன், ரோட்டைப் பார்க்கல. இடிச்சப்புறம் வண்டிய ஓரங்கட்டினேன். பானெட்ல ஆவி. சூட்டோட மூடியத் திறக்கக் கூடாதுல்ல, அதனால வேப்பமரத்து நிழல்ல இருபது நிமிஷம் நின்னேன்."

"கேன் எங்க இருந்துச்சு?"

"கையில இருந்துச்சு."

"அவுக ஏதும் பேசினாகளா?"

"தண்ணி கேட்டாப்ல."

"எத்தனை வாட்டி?"

"எண்ணல." துணியை இன்னும் இறுக்கி முறுக்கினார். "முதல்ல வண்டிக்கு ஊத்திட்டு, வண்டி கிளம்பினா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிரலாம்னுதான் நினைச்சேன். கழட்டின மூடி அவரு கிடந்த ஓடைக்குள்ள உருண்டுருச்சு, எடுக்கல. ஊத்தி, ஹோஸ்ல துணியச் சுத்தி, ஸ்டார்ட் பண்ணிட்டேன். அப்புறம் பயமாப் போச்சும்மா. வந்துட்டேன்."

"அஞ்சு லிட்டரும் ஊத்திட்டீகளா?"

அவர் தரையில் இருந்த கேனைப் பார்த்தார். அந்த மூன்றாவது சட்டம் எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் நினைவுக்கு வந்தது. என் பக்கத்தில் நின்ற ஒரு பெண் "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள்.

"ஒரு மடக்கு மிச்சம் இருந்துச்சு" என்றார் கோமதிநாயகம்.

"அத என்ன செஞ்சீக?"

"கண்ணாடில பட்டிருந்துச்சு. வைப்பர் பாட்டில்ல ஊத்திக் கழுவிட்டேன்."

சண்முகக்கனி தலையை ஆட்டினாள். சொம்பை வாயில் வைத்து, அவர் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மடக்கு மடக்காக அந்தத் தண்ணீர் முழுவதையும் தானே குடித்து முடித்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்தாள். தலைப்பு முடிச்சை அவிழ்த்து நீல மூடியை எடுத்து, தரையில் இருந்த கேனின் வாயில் வைத்துத் திருகினாள். மரை ஏறி, கச்சிதமாக மூடிக்கொண்டது.

"மூடி சேர்ந்திருச்சு சார். இனிமே சிந்தாம ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள்.

நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், செயலாளர் என்ற முறையில் அதையும் எழுதியவன் நான்தான். அன்று மாலை அவசரக் கூட்டம் போட்டோம். இருபது வருஷம் முகம் பார்த்துப் பழகியவர், பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறார், நடந்தது நடந்துவிட்டது, நாம் எதற்குக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று ஆளாளுக்குப் பேசினோம். ஞாயிறு காலை ஏழாம் நம்பர் வாசலில் யாரும் எதையும் கேட்கவில்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். மறுநாள் விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம் நாங்கள் எல்லோரும், குழாய்ச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று சொன்னோம். இன்ஸ்பெக்டர் குறிப்பு எழுதிக்கொண்டு போனார். கூட வந்திருந்த சண்முகக்கனி எங்கள் முகங்களை வரிசையாகப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு காலை, வண்டி ஆறியிருக்க, சமதரையில் நிறுத்தி, என்னுடைய சிவப்புக் காரின் பானெட்டைத் திறந்து ரேடியேட்டருக்கு ஊற்றினேன். ஒரு கேன், இரண்டு கேன், ஐந்து குடம். உள்ளே நாக்கு ஒட்டிப் பிரிகிற சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் தெரு நெடுகப் பதினொரு பானெட்டும் திறந்திருந்தன, பதினொரு ஆண்பிள்ளைகள் கையில் குடத்தோடு வெளிறி நின்றோம். தெருமுனையில் மூன்று தட்டுச் சத்தம் கேட்டது. தண்ணீர் வந்தது, வழக்கத்தைவிடப் பலமாக வந்தது.

நான் ஓடினேன். "ஏம்மா, எங்களை எதுக்கும்மா? நாங்க என்ன செஞ்சோம்?"

சண்முகக்கனி சிமெண்ட் மூடியில் உட்கார்ந்து கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். "ஒண்ணும் செய்யலையே, செயலாளர் சார். நான் மட்டும் என்ன செஞ்சேன்? தண்ணிதான திறந்துவிட்டேன்" என்றாள்.

மூன்று வாரம் தாக்குப்பிடித்தோம். வீட்டில் சோறு பொங்கத் தண்ணீர் இல்லை, குளிக்காமல் வேலைக்குப் போனோம், குடத்தில் போட்ட கீழ்க்கோடு எந்நேரமும் காய்ந்து கிடந்தது. முதலில் பதினான்காம் நம்பர் வீட்டு டீச்சர், புருஷனிடம் சொல்லாமல் ஸ்டேஷனுக்குப் போய், கேட்டதைக் கேட்டபடி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அவர் வீடு திரும்பும்போது அவர்கள் காரின் ரேடியேட்டர் மேல்கோடு வரை நிறைந்து தளதளவென்று நின்றது. அதைப் பார்த்துவிட்டு இன்னொருவர் போனார், மறுநாள் இன்னும் நாலு பேர். மனசாட்சி உறுத்திப் போனோம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் நாங்கள் தண்ணீருக்காகத்தான் போனோம். கடைசியாகப் போனவன் நான். தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைக் கிழித்து இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்து, "நான் கேட்டேன் சார், ஒவ்வொரு வார்த்தையும் கேட்டேன்" என்றேன்.

கோமதிநாயகத்தைக் கைது செய்தார்கள். நாற்பது நாள் கழித்து ஜாமீனில் வந்தார், வழக்கு நடக்கிறது, வாய்தா மேல் வாய்தாவாக நடக்கிறது. அவர் உள்ளே இருந்த நாற்பது நாளும் அந்தக் கார் அசையாமல் கிடந்தது, எங்கள் குடத்தில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. அவர் வாசலுக்குள் கால் வைத்ததும் ரேடியேட்டருக்குள் அந்தச் சத்தம் மறுபடி தொடங்கியது. விற்கப் பார்த்தார், வாங்க வந்தவர்கள் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இப்போது எங்கள் குடங்களில் கோடு அழிந்துவிட்டது. ஒரு வீட்டில் மட்டும் விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஊற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாங்கள் யாரும் உதவிக்குப் போவதில்லை, செண்பகவல்லிகூடப் போவதில்லை. போன ஞாயிறு, ஊற்றிக்கொண்டிருந்த குடத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து, கோமதிநாயகம் தெருமுனை வரைக்கும் போனார். வால்வுக் குழிக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் கூப்பினார். உரிந்த உள்ளங்கைகள் ஒன்றோடொன்று ஒட்டக்கூட இல்லை.

"போதும்மா. தண்ணிய மூடிரும்மா. கை ஓய்ஞ்சுபோச்சு."

சண்முகக்கனி எழுந்து, இரும்புச் சாவியைக் குழிக்குள் விட்டு, இன்னும் ஒரு சுற்றுத் திறந்துவிட்டாள்.

"நிறைஞ்சதும் சொல்லுங்க சார்" என்றாள். "மூடிருதேன்."